துண்டு போட்டுப் பிடித்த தப்பான பஸ்

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் முதலில் ஏறுவது ஆள் இல்லை, துண்டு. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைச் சீட்டில் எறிந்துவிட வேண்டும். அப்புறம் ஆற அமர ஏறலாம். துண்டு கிடக்கிற சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் நியாயம் கேட்கலாம். சுற்றி நிற்கிற நாலு பேரும் துண்டுக்காரர் பக்கம்தான் பேசுவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், எந்தப் பாஷைக்காரருக்கும் இதில் ஒரே சட்டம். ஆயுத பூஜைக்கு முதல் நாள், கம்பெனி ஆட்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிப் படியில் தொங்குகிற கூட்டத்தில்கூட நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கிருஷ்ணகிரி போயிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் அறுபத்தெட்டு வயதுப் பொம்பளை. ஓசூரை அடுத்த பேரிகை ஊருக்குப் பக்கத்தில் ரோஜாவும் தக்காளியும் போடுகிறோம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதே வேகத்தில்தான் எழுதுவேன். அதனால் இதைப் படிக்கிறவர்களும் நிதானமாகப் படிக்கலாம். பஸ் போர்டு மட்டும் தமிழில் இருந்தாலும் கன்னடத்தில் இருந்தாலும் தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். இந்தத் தகுதியோடுதான் போன வருஷம் நான் வியட்நாம் போனேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் ஓசூரில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை செய்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மெஷினையெல்லாம் நிறுத்திப் பழுது பார்க்கும்போது இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் பத்துப் பன்னிரண்டு நாள் லீவு கிடைக்கும். மற்றவர்கள் அந்த லீவில் குலசாமி கும்பிடப் போவார்கள், வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். இவர்கள் ஆளுக்கொரு மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு நாட்டில் போய் இறங்கி, அந்த நாட்டை முழுக்கப் பஸ்ஸிலேயே சுற்றிவிட்டு, கறுத்து இளைத்துத் திரும்புவார்கள். காசு கொடுத்து இப்படிக் கஷ்டப்படுவானேன் என்று நான் கேட்டதில்லை. அவரவர் உடம்பு, அவரவர் லீவு.

நான் அதில் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் சம்பந்தியம்மா. மாப்பிள்ளையைப் பெற்றவர். தூத்துக்குடிப் பக்கம், உப்பளக் காற்றில் வளர்ந்தவர். மகனுக்கு இங்கே வேலை கிடைத்ததும் கூடவே ஓசூருக்கு வந்துவிட்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்று நான் சொல்வேன், இல்லை என்று அவர் சொல்வார். எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டையாக இருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். நான் ஒரு பெட்டி தக்காளி அனுப்பினால் அவர் இரண்டு டப்பா மக்ரூன் அனுப்புவார். டப்பா இரண்டு வந்துவிட்டதே என்று நான் தொட்டியோடு ரோஜாச் செடி அனுப்புவேன். ஐந்து வருஷமாக இப்படி மரியாதை செய்து மரியாதை செய்தே ஒருவரை ஒருவர் கீழே தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை போகிற பேச்சோடு பேச்சாக, நீயும் வர்றியாம்மா என்று அவரைக் கேட்டிருக்கிறார். எந்த மகனும் ஒப்புக்குக் கேட்கிற கேள்விதான் அது. சம்பந்தி வாரேன் என்று சொல்லிவிட்டார். மகள் போனில் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னபோது நான் தக்காளிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு டிக்கெட் போடு என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மாப்பிள்ளை எங்கள் இருவரையும் ஓசூர் வீட்டுச் சோபாவில் உட்கார வைத்துப் பேசினார். மொத்தம் ஐந்து நீளப் பஸ், ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், பதினோரு மணி நேரம் என்று விரல் விட்டுச் சொன்னார். "யாராவது ஒருத்தர் முடியலன்னு சொல்லிட்டா, அந்த ஊர்லேருந்தே நாலு பேருக்கும் பிளேன் டிக்கெட் போட்டுத் திரும்பிருவோம். இதுல கோவம் ஒண்ணும் இல்ல. உடம்புதான் முக்கியம்."

நியாயமான பேச்சு. ஆனால் எங்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. முதலில் முடியல என்று சொல்கிறவள் யாரோ, அவளால்தான் பிள்ளைகளின் பயணம் கெட்டது. அந்தப் பேச்சு அவள் கருமாதிச் சாப்பாட்டுப் பந்தியிலும் வரும். நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்கென்னங்க, நாள் முழுக்கக் குனிஞ்சு வேலை செய்யிற உடம்பு என்றேன் நான். எனக்கு இன்னும் பத்து பஸ் இருந்தாலும் சரிதான் என்றார் அவர். போதாததற்கு நான் பேரிகைச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டேன், வெளிநாட்டில் அஞ்சு பஸ் ஏறப் போகிறேன், அஞ்சிலும் உட்கார்ந்துதான் போவேன் என்று.

உட்கார முடியாது என்பது, பிளேன் இறங்கிய சைகோனில் முதல் பஸ்ஸில் ஏறும்போதுதான் தெரிந்தது. அந்த ஊர் பஸ்ஸில் சீட்டே இல்லை. படுக்கை. வரிசைக்கு மூன்று, கீழ் ஒன்று மேல் ஒன்று, லாரியில் தக்காளிப் பெட்டி அடுக்குகிற மாதிரி ஆளை அடுக்குகிறார்கள். முழுக்கப் படுக்கவும் முடியாது, நிமிர்ந்து உட்காரவும் முடியாது. முன்னால் இருக்கிறவர் தலைக்குக் கீழே ஒரு பெட்டி மாதிரி இருக்கும், அதற்குள் நம் காலை விட்டுக்கொள்ள வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிக் கையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுக்கிறார்கள். செருப்பை அதில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். கோயிலுக்குப் போகிற மாதிரி அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

ஜன்னல் திறக்காத பஸ். அதனால் நான் வாசல் வழியாகவே எல்லோருக்கும் முன்னால் ஓடி, முன் வரிசைக் கீழ்ப் படுக்கையில் துண்டைப் போட்டுவிட்டு, மகளுக்குக் கை கொடுக்க இறங்கினேன். திரும்பி வந்தபோது தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பையன் அங்கே படுத்திருந்தான். அது அவன் நம்பர் படுக்கையாம். துண்டு பஸ்காரர்கள் கொடுத்தது என்று நினைத்துவிட்டான் போல. முகத்தைத் துடைத்தான், கழுத்தைத் துடைத்தான், அக்குளையும் துடைத்தான். நான் பார்ப்பதைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைத்தான். அதற்கு மேல் அவனிடம் என்ன நியாயம் கேட்பது. இறங்கும்போது தோளில் போட்டுக்கொண்டே போய்விட்டான். நான் கொண்டுபோனது நாலு துண்டு. அந்த ஒன்று இப்போது எந்த நாட்டில் காய்கிறதோ.

சம்பந்தி இதையெல்லாம் பார்த்துவிட்டு, எங்க ஊர்ல துண்டு போட மாட்டோம், கூடையவே வச்சிருவோம் என்றார். அவர் வெளிநாட்டுக்கும் வயர் கூடைதான் கொண்டுவந்திருந்தார். முதுகில் மாட்டுகிற பையை மகன் வாங்கிக் கொடுத்ததும் அதற்குள்ளே அந்தக் கூடையை வைத்தவர் அவர்.

அந்தப் பஸ் டாலாட் என்கிற மலையூருக்குப் போய்ச் சேர்ந்தது. இறங்கிப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் பாலிதீன் கூடாரம், உள்ளே ரோஜா. எட்டு மணி நேரம் காலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தது பேரிகைக்குத்தானா என்று எனக்கு ஒரு நிமிஷம் திகைப்பு. ஒரு தோட்டக்காரியிடம் கையாலேயே பேசி, இலையைத் திருப்பிப் பார்த்தேன். அதே செம்பேன் பூச்சி. அவளும் தலையில் அடித்துக்கொண்டாள், நானும் அடித்துக்கொண்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

இன்னொரு திருப்தியும் எனக்கு அங்கே கிடைத்தது. அந்த ஊர் எழுத்து இங்கிலீஷ் மாதிரியே இருக்கும், ஆனால் தலையில் ஒரு கொக்கி, காலில் ஒரு புள்ளி. என் மகள் இஞ்சினியர். ஒரு போர்டையும் அவளால் படிக்க முடியவில்லை. அந்த நாட்டில் அவளும் மூன்றாம் வகுப்பு.

இரண்டாவது பஸ் மலையிலிருந்து கடலோரத்துக்கு இறங்கியது. ஊர் பேர் நாட்ராங். வளைவு என்றால் நம்ம ஊர்த் தொப்பூர் கணவாயை முறுக்கிப் பிழிந்த மாதிரி வளைவு. சம்பந்தி கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, வேணுமா சம்பந்தி என்று நீட்டினார். வாங்கினால் நான் தோற்றேன். உங்களுக்குத்தாங்க தேவைப்படும், நீங்களே வெச்சுக்கோங்க என்றேன். எனக்கெதுக்கு என்று அவர் மறுபடி கூடைக்குள் போட்டுவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பழம் ஒருவருக்கும் உதவாமல் மலை இறங்கியது. முன்னால் படுத்திருந்த ஒரு அம்மா நெற்றியில் பச்சையாக ஏதோ தைலம் தேய்த்துக்கொண்டாள். அந்த வாசனைக்காக நான் இந்தப் பக்கத்திலிருந்து கழுத்தை நீட்டினால், அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தியின் கழுத்தும் நீண்டிருந்தது.

நாட்ராங்கில் இறங்கியதும் சம்பந்தி ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டதற்கு அதில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிப்பதாகச் சொன்னார். நான் செருப்பு வார் சரிசெய்கிறேன் என்று தரையில் உட்கார்ந்து கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. என் செருப்புக்கு வார் கிடையாது.

இப்போது மூன்றாவது பஸ். நாட்ராங்கிலிருந்து வடக்கே ஹோய் ஆன் என்கிற ஊர் வரைக்கும் பதினோரு மணி நேரம். காலையில் கிளம்பினோம். கீழ்ப் படுக்கை எல்லாம் விற்றுப் போய், நாலு பேருக்கும் கடைசியில் மேல் படுக்கைதான் கிடைத்தது. ஏணிப்படி மாதிரி இரண்டு கம்பி, அதில் சேலையோடு ஏற வேண்டும். ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று எழுத மாட்டேன். மகள் மணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்து, அம்மா தண்ணி குடிச்சியா, அத்தை நீங்க குடிச்சீங்களா என்று தொந்தரவு செய்துகொண்டே வந்தாள். கடல் வலது பக்கம் கூடவே வந்தது. வழியில் உப்பளங்கள் தெரிந்தபோது சம்பந்தி எழுந்து தலையை இடித்துக்கொண்டார். எங்க ஊர் உப்பு இதவிட வெள்ளை என்று சொல்லிவிட்டு, அது மறைகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பஸ் நின்றது. இறங்குகிற இடத்தில் ஒரு கூடை நிறைய ரப்பர் செருப்பு வைத்தார்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ஆண் பெண் எல்லோருக்கும் பொது. மாட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஏறும்போது மறுபடி கூடையில் போட்டுவிட வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் வெறும் சோறும் கீரையும் சாப்பிட்டு முடித்துவிட்டோம். பிள்ளைகளுக்குச் சொன்ன நூடுல்ஸ் இன்னும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. மேலே ஏறிப் படுத்தால் இடுப்பு தாங்காது. எல்லோரும் சாப்பிடும்போது முதலில் போய்க் கீழ்ப் படுக்கையில் துண்டைப் போட்டுவிட்டால் ஆயிற்று. பாத்ரூம் போய்விட்டு அப்படியே வண்டியில் ஏறிக்கொள்கிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியே ஐந்தாறு பஸ் நின்றது. எல்லாம் ஒரே கம்பெனி வண்டி, ஒரே நீல நிறம், வயிற்றில் ஒரே பூ. நான் இறங்கியபோது எங்கள் பஸ் ஒரு தென்னை மரத்தை ஒட்டி நின்றது. தென்னை மரத்தை ஒட்டி நின்ற பஸ்ஸில் ஏறினேன். அந்தக் கடையைச் சுற்றிலும் தென்னை மரம்தான் என்பதை யோசித்திருக்கலாம்.

முன் வரிசையில் கீழ்ப் படுக்கை இரண்டு காலியாக இருந்தது. வலது பக்கத்தில் துண்டைப் போட்டேன். பின்னாலேயே சளக் சளக் என்று வந்த செருப்புச் சத்தம் வாசலில் நின்றது. சம்பந்தி. என்னைப் பார்க்காத மாதிரி வந்து இடது பக்கப் படுக்கையில் வயர் கூடையை வைத்தார். இரண்டு பேரும் காலை நீட்டிப் படுத்தோம்.

கிளீனர் பையன் வந்து எங்களைப் பார்த்து ஏதோ கேட்டான். நான் துண்டைத் தூக்கிக் காட்டினேன். சம்பந்தி கூடையைத் தட்டிக் காட்டினார். அவன் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். துண்டுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பியது. மகளும் மாப்பிள்ளையும் பின் வாசல் வழியாக ஏறித் தங்கள் மேல் படுக்கைக்குப் போயிருப்பார்கள் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படுத்துக்கொண்டு திரும்பினாலும் ஒன்றும் தெரியாது.

கொஞ்ச தூரம் போனதும் வெயில் முகத்தில் அடித்தது. காலையிலும் இப்படித்தான் வலது கன்னத்தில் அடித்தது. சரி, மேற்கே சாய்ந்த வெயில் இடது கன்னத்துக்குப் போயிருக்க வேண்டாமா? தோட்டத்தில் நிழல் பார்த்தே மணி சொல்கிறவள் நான். கடல் எனக்குப் பழக்கமில்லை, அது எந்தப் பக்கம் வரும் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சூரியன் எங்கள் ஊரிலும் அதேதான். பஸ் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே கத்தியிருப்பார்கள். நான் கத்தவில்லை. நாம் தப்பான பஸ்ஸில் இருக்கிறோம் என்று நான் சொன்னால், தப்பான பஸ்ஸில் முதலில் துண்டு போட்டது யார் என்று பேச்சு வரும். பிள்ளைகள் பயந்துபோய்ப் பயணத்தை அத்தோடு நிறுத்திவிடுவார்கள். முடியல என்று வாயால் சொல்லாமலேயே சொன்னவளாகிவிடுவேன். இதை அவரே சொல்லட்டும். அவருக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுப்போம் என்று ஆரம்பித்தேன்.

"வெயில் உங்க மேல அடிக்குதுங்களா சம்பந்தி?"

"இல்லையே. உங்க மேல அடிக்கோ?"

"லேசாங்க. நல்லாத்தான் இருக்குது."

அவர் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார், "கடல் இப்ப இந்தப் பக்கம் நல்லாத் தெரியுதுல்லா."

"தெரியுதுங்க. கீழ படுத்தா நல்லாத் தெரியும்போல."

பஸ் நல்ல வேகத்தில் போனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெளேர் என்று உப்பளம் வந்தது. காலையில் பார்த்த அதே உப்பளம், அதே ஓட்டுக் கொட்டகை, அதே மூன்று தள்ளுவண்டி. சம்பந்தி இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"இங்கயும் உப்பளம் இருக்கு பாத்தியளா."

"இந்த நாட்ல உப்பு ஜாஸ்திங்க சம்பந்தி."

அவர் என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன். ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தால் அவரும் கண்ணை மூடியிருந்தார். அவருடைய ஒரு கண்ணும் லேசாகத் திறந்திருந்தது.

கண்ணை மூடியதால்தான் எனக்கு அது உறைத்தது. ஒரு மணி நேரமாக யாரும் வந்து, அம்மா தண்ணி குடிச்சியா என்று கேட்கவில்லை. காலையெல்லாம் எரிச்சலாக இருந்த கேள்வி. அது வராது, வரவும் முடியாது என்று தெரிந்ததும் என் மகள் இப்போது எங்கே நிற்கிறாள் என்பது கண் முன்னால் வந்துவிட்டது. அந்தச் சாப்பாட்டுக் கடையில், ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கி, பாத்ரூம் கதவையெல்லாம் தட்டி, அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். கம்பெனியில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவள். ஆனால் சின்னதிலிருந்தே நான் கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டால் அழுதுகொண்டே தேட ஆரம்பித்துவிடுவாள். என் பெருமை அவள் அழுகையை விடப் பெரிதில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"சம்பந்தி, நாம வேற பஸ்ல வந்துட்டோங்க."

"ஆமா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கடல் பக்கம் மாறுனதுமே தெரியும்லா. உங்களுக்கு?"

"வெயில் பக்கம் மாறாதப்பவே தெரியுங்க."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லலீங்க?"

இதை இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்ததில் பஸ் இன்னும் இரண்டு மைல் தப்பான பக்கம் போய்விட்டது.

பஸ்ஸை நிறுத்துவது என் பொறுப்பு என்று எழுந்து போனேன். எனக்கு மூன்று பாஷை தெரியும். தமிழில் நிறுத்துப்பா என்றேன், கன்னடத்தில் நில்லிசி என்றேன், தெலுங்கில் ஆப்பண்டி என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து மூன்று தடவையும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார். அப்போது சம்பந்தி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, டிரைவர் மடிக்கு நேராகக் குனிந்து, உவ்வே என்று ஒரு சத்தம் கொடுத்தார். பஸ் அந்த இடத்திலேயே நின்றது.

இறங்கி ஓரமாக நின்றதும், பிரமாதமா நடிச்சீங்க சம்பந்தி என்றேன். மனசாரச் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க நடிச்சேன். டாலாட் மலையிலேருந்து அடக்கி வச்சிருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் நிஜமாகவே வந்துவிட்டது. நான் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

கிளீனர் பையன் கெட்டிக்காரன். எங்கள் வெறுங்காலையும், நாங்கள் வந்த வழியைக் கையால் காட்டியதையும் பார்த்துப் புரிந்துகொண்டான். அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போன் போட்டுப் பேசினான். போனில் எங்களைப் பற்றிச் சொல்லும்போது கழுத்தில் துண்டு போடுகிற மாதிரியும் கையில் கூடை வைத்திருக்கிற மாதிரியும் நடித்துக் காட்டினான். போனில் அது தெரியாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை, ஆனால் விஷயம் போய்ச் சேர்ந்தது. எதிரே இருந்த கரும்புச்சாறு கடையில் எங்களை விட்டுவிட்டு, பஸ் கிளம்பிப் போனது. என் இரண்டாவது துண்டும் அதோடு போனது.

அந்தக் கடையில் நாற்காலிக்குப் பதில் வரிசையாக வலைத்தூளி கட்டியிருந்தார்கள். கடைக்காரம்மா எங்கள் இருவரையும் ஆளுக்கொன்றில் பிடித்துப் படுக்க வைத்தாள். மூன்று நாளாக நிமிரவும் படுக்கவும் முடியாமல் கிடந்த உடம்பு தூளியில் இறங்கியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மொதல் பஸ்லயே எனக்கு இடுப்பு போச்சுங்க என்றேன். எனக்கு இடது கால் எங்கே இருக்குன்னே தெரியல, இருக்கான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க என்றார் அவர். இருந்தது. வீங்கி இருந்தது. அப்புறம் நாங்கள் நிறுத்தவே இல்லை. கழுத்து, தோள்பட்டை, மலச்சிக்கல், அந்தப் பெட்டிக்குள் கால் வைக்கிற அநியாயம், உப்பில்லாத கீரை, ஏணிக் கம்பி, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி ஆடிக்கொண்டிருந்தோம். ஐந்து வருஷத்தில் நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று சொல்லலாம். அந்த எலுமிச்சம்பழத்தைக் கரும்புச்சாற்றில் பிழிந்து பாதிப் பாதி குடித்தோம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு காரில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். நாலு முதுகுப் பையும், எங்கள் செருப்புப் பைகளும் அவர்கள் கையில். எங்கள் பஸ் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டதாம். மகளுக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. நாங்கள் காற்று வாங்கிக்கொண்டு ஆடுவதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையா கோபமா எது முதலில் வருவது என்று தெரியாமல் வாய் கோணியது. மாப்பிள்ளை அவர் அம்மாவிடம் போய், போதும்மா, இத்தோட பிளேன்ல திரும்பிருவோம் என்றார்.

சம்பந்தி தூளியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏம்ப்பா, நாங்க ரெண்டு பேர்ல யாராவது முடியலன்னு சொன்னமா?"

"இல்லம்மா, அதுக்கில்ல."

"சம்பந்தி, நீங்க சொன்னியளா?"

"நான் எங்கீங்க சொன்னேன்" என்றேன்.

என் மகள் முதுகில் இருந்த பையையும் முன்னால் மாட்டியிருந்த என் பையையும் தொப்பென்று கீழே போட்டாள். காலியாக இருந்த மூன்றாவது தூளியில் போய் விழுந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னால முடியலம்மா" என்றாள். "இன்னொரு பஸ் என்னால முடியாது."

நான் சம்பந்தியைப் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று பயம். எழுந்து போய் மகள் தலையைத் தடவிக் கொடுத்தேன். உண்மையாகவே எனக்கு அவள் மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. அதே சமயம் உள்ளுக்குள் ஒரு பெரிய பாரம் இறங்கி, இடுப்புகூடப் பாதி சரியான மாதிரி இருந்தது. அதுக்கென்னம்மா, உடம்புதான் முக்கியம் என்றேன். சம்பந்தியும் வந்து, சின்ன உடம்புல்லா, எவ்வளவுதான் தாங்கும் என்றார்.

மாப்பிள்ளை அங்கேயே நின்று போனில் பிளேன் டிக்கெட் பார்க்க ஆரம்பித்தார். சம்பந்தி என் காதருகே குனிந்து, பிளேன்ல பெட்டிக்குள்ள கால் வைக்கணுமா என்று கேட்டார். வேண்டாங்க, தொங்கவிட்டுக்கலாம் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஊர் வந்த பிறகு எல்லோரும் கேட்டார்கள், அஞ்சு பஸ் என்று போனீர்களே, ஏன் மூன்றோடு வந்துவிட்டீர்கள் என்று. ஓசூர் வீட்டுக்குப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் முன்னால் இந்தக் கேள்வி வந்தபோது நானும் சம்பந்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம்.

"புள்ளைகளுக்கு முடியல" என்றார் சம்பந்தி. "இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு இடுப்புல பலம் இல்ல. நாங்க என்ன செய்ய, சொல்லுங்க சம்பந்தி."

"நாங்க ரெடியாத்தாங்க இருந்தோம்" என்றேன்.

என் மகள் காபி டம்ளர்களை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நல்ல பெண்.